அட்டை வீட்டுக் கிரகப்பிரவேசம்

மனிதன் இந்தப் பூமியில் செய்த காரியங்களிலேயே உன்னதமானது, தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டதுதான். அந்த உன்னதத்தின் பேரால், ஆண்டவர் அறிய, நான் எழுதப்போகும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன்.

வீட்டின் உயரம் நாலு அங்குலம். அட்டையில் செய்தது. ஒட்டியவன் நான்.

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் இடம் கிடைக்காது. பேய் என்றால் நடுநிசியில் வரவேண்டும், நாய் ஊளையிட வேண்டும், விளக்கு அணைய வேண்டும். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடைக்கவில்லை. நான் கண்டது பட்டப்பகல் இரண்டரை மணிக்கு. பக்கத்து அறையில் ஒரு பெரிய மனிதர் விருந்துச் சாப்பாடு செரிக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் நடந்தது. 1934, ஐப்பசி மாதம், ஆம்பூரில்.

என் பெயர் ஆரோக்கியசாமி. டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுப்பது சம்பளத்துக்கு, அட்டையில் வீடு செய்வது ஆசைக்கு. மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பதற்காக ஆரம்பித்த பழக்கம். பெத்லகேமில் எப்படிப்பட்ட வீடுகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. என் பெத்லகேமில் எல்லாம் சீமை ஓட்டு வீடுகள். போகப்போக ஜனங்கள் பாலன் இயேசுவை விட்டுவிட்டு ஓட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாதர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

குட்டி வீட்டுக்கு அப்படி ஒரு வசியம் உண்டு. எப்பேர்ப்பட்ட ஆளும் குனிவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதை வாசலில் வைப்பார். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்புவார். அங்கே புகை கண்ணைக் கரிக்காது, யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். நிமிரும்போது ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சைக் கேட்கத்தான் நான் புளியங்கொட்டைப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து, விரல் பச்சையாகும் வரை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினம் மட்டும் குனியவில்லை. அவர் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு முதலாளி. குடிலுக்கு மாலை மரியாதையோடு அழைக்கப்பட்டு வந்தவர், நின்றபடியே மேலிருந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருடைய ஷாப்பில் பெண்கள் ஆவாரம்பட்டை சுமந்தார்கள், ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று தோல் புரட்டினார்கள். எல்லாரும் குழிகளுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார்கள். அந்த நாற்றத்தில் ஈ கூட யோசித்துத்தான் உட்காரும். முதலாளிக்குச் சர்க்கார் கொடுக்கும் 'ராவ் சாகிப்' பட்டத்தின் மேல் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. பங்களா வாசலில் பெயர்ப்பலகை எழுதும்போதே, பெயருக்கு முன்னால் இரண்டு வார்த்தைக்கு இடம் விட்டு எழுதச் சொன்னவர். வேலையாட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஜில்லா கலெக்டர் வருகிறார் என்றதும், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாஸ்டர், பன்னெண்டு வூடு செய்யி. ஓடு நல்லா செவப்பா இருக்கணும். கூரைய டப்பா மூடி மாதிரி வை. தூக்கினா உள்ளாற தெரியணும். கலெக்டர் பாப்பாரு."

"நெஜ வீடு எப்போங்க கட்டறீங்க?"

"மொதல்ல இது ஆவட்டும். அவசரப்பட்டா எல்லாம் பேஜாராயிடும்."

"சன்னல் எத்தனை வைக்கலாம்?"

"சன்னலே வாணாம். இதுல வச்சா நாளைக்கு நெஜத்துலயும் கேப்பானுங்க."

அட்டையில்கூடக் காற்றை மிச்சம் பிடித்த மனிதர்.

வேலை பாதி முடிந்ததும் குடிசைக்காரர்களையெல்லாம் பங்களா ஹாலுக்கு வரவழைத்தார். காகிதத்தில் அவர் கர்ணன். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டைக் கைத்தடியால் தொட்டுக் காட்டி, "இது உனுக்கு, இது உனுக்கு" என்று தானம் செய்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கடைசி வீடு பட்டம்மாளுக்கு விழுந்தது. பட்டை சுமப்பவள், கைம்பெண். கூட அவள் மகள் தேவகி, நிறைமாசம். மருமகன் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியோடு பினாங்குக்குக் கப்பலேறிப் போனவன். கடுதாசி இல்லை.

பட்டம்மாள் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மாஸ்டரே, எனக்கு மட்டும் ஒரு சன்னல் வச்சுக் குடு. குழி நாத்தத்துல பொண்ணுக்கு மூச்சு முட்டுது. காத்தோட்டமா ஒரு எடத்துல பெத்துட்டான்னா போதும் எனக்கு."

தேவகி வாசலைப் பார்த்துச் சிரித்தாள். "இம்மாம்பெரிய வயித்த வச்சினு நான் இதுல எப்பிடிமா பூருவேன்?"

"பூந்துடலாம்டி. ஒருக்களிச்சு போ."

ஹாலே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். சிரித்த கையோடு சொன்னார்: "அந்த எடத்துலதான் வூடு வரப்போவுது. அவங்கவங்க குடிசைய அவங்கவங்களே பிரிச்சிடுங்க. தீவாளிக்கு ஓட்டு வூட்டுல இருப்பீங்க."

பிரித்தார்கள். தங்கள் கையாலேயே, சந்தோஷமாக, ஒருவர் கீற்றை ஒருவர் சுமந்து உதவி செய்து பிரித்தார்கள். காலியான இடத்தில் முதலாளி சுண்ணாம்புத்தூள் தூவச் சொன்னார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. கலெக்டர் கண்ணில் படக்கூடாதது ஒன்றும் அங்கே மிச்சமில்லை. குடிசைக்காரர்கள் ரயில் பாலத்துக்கு அடியில் தங்கினார்கள். மழை பிடித்தது. பாலத்தடியில் தண்ணீர் வந்ததும் ரோட்டோரப் புளியமரத்துக்கு மாறினார்கள்.

நான் கடைசி வீட்டின் பின்சுவரில், கலெக்டர் நிற்கும் பக்கத்துக்கு மறுபுறமாக, அரை அங்குலத்துக்கு ஒரு சன்னல் வெட்டினேன். சன்னலுக்குக் கதவு வைக்கவில்லை. நேரமில்லை. வெறும் ஓட்டை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலெக்டர் வரும் நாள். காலையில் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. சாயங்காலம் கலெக்டர் கேட்டால், 'கிரகப்பிரவேசம் ஆகிவிட்டது' என்று சொல்லலாமே. பொய்யாகவும் இருக்காது. உடனே ஐயரை வரவழைத்தார்.

ஐயர் அட்டை வீடுகளைச் சுற்றி வந்து பார்த்தார். "பொம்மைக்குப் பண்றதில்லை எஜமான்."

"பொம்மைன்னு யார் சொன்னது? கலெக்டர் பாக்கப்போறது."

ஐயர் மணையில் உட்கார்ந்தார். பசுவும் கன்றும் ஹாலுக்குள் வர மறுத்ததால் வராந்தாவில் நின்றன. பூசணிக்காய் உடைந்தது. வாசலில் நான் வரைந்த மாவிலைத் தோரணத்துக்கு மேல் நிஜக் குங்குமம் விழுந்தது. அட்டைக்கு முன்னால் பித்தளைச் சொம்பில் பால் அடுப்பேறியது. ஐயர் கேட்டார்: "யார் பேருக்கு சங்கல்பம்? குடி போறவா பேர் சொல்லணும்."

அப்போது பட்டம்மாள் வெளியே படிக்குக் கீழே மழையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். "மொதலாளி, பொண்ணுக்கு வலி கண்டுடுச்சு. மரத்தடில தண்ணி நிக்குது. அந்த வண்டிக் கொட்டாய்ல ஒரு ஓரமா ஒதுங்கிக்கிறோம்."

முதலாளி திரும்பினார். முகம் மலர்ந்தது. "உன் பொண்ணு பேரு இன்னா?"

"தேவகி, மொதலாளி."

"நட்சத்திரம்?"

அவள் விழித்தாள். கொட்டாய்க்கு எதற்கு நட்சத்திரம்?

"தெரிலங்க."

"பரவால்ல." ஐயரிடம் திரும்பினார். "தேவகி. ஏதோ ஒரு நட்சத்திரம் போடுங்க. கடைசி வூடு."

"கொட்டாய், மொதலாளி..."

"நல்ல நேரம் முடியட்டும். அப்புறம் வா."

நான் வாயைத் திறந்தேன். "கொட்டாய் காலியாத்தானே கீதுங்க."

"நீ ஓட்டை ஒட்டு மாஸ்டர்."

மந்திரம் தொடர்ந்தது. தேவகி என்ற பெயர் மூன்று முறை வந்தது. பால் பொங்கியது. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். கடைசி வீட்டு வாசலில் ஐயர் ஒரு சொட்டுப் பால் வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். படிக்குக் கீழே யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

விருந்து நடந்தது. பாயசம் இரண்டு வகை. மழை விட்டது. பங்களா முழுவதும் தூங்கப் போனது. கலெக்டர் நாலு மணிக்கு வருவார். பால் பட்டு உப்பிப்போன வாசல்படியைச் சரிசெய்ய நான் மட்டும் ஹாலில் இருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு முப்பது.

முதலில் வாசனை. என் பசைக்கு ஒரு வாசனை உண்டு, துத்தத்துக்கு ஒரு வாசனை உண்டு. இது இரண்டும் இல்லை. விறகுப் புகை. ஈர விறகு. அதோடு பூண்டு வதங்கும் வாசனை, சாம்பிராணி. சமையலறையில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. பூனை அதன்மேல் படுத்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசி வீட்டு வாசலில் பச்சையாக ஏதோ. மாவிலைத் தோரணத்தின் வர்ணம் கரைந்துவிட்டது என்று எண்ணிக் குனிந்தேன்.

வேப்பிலை.

நிலைப்படியில் செருகியிருந்தது. எள்ளளவு இலைகள். ஒவ்வொன்றிலும் நரம்பு. பல்பல்லாக ஓரம். நான் இருபது வருஷமாகக் காகிதம் வெட்டுகிறேன். அந்த அளவில் என்னால் வெட்ட முடியாது. யாராலும் முடியாது.

எங்கள் பக்கத்தில் வேப்பிலை செருகினால் அர்த்தம் ஒன்று அம்மை. இன்னொன்று, பிள்ளை பெற்ற வீடு.

பசைக்கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அப்போதுதான் பலகையின் மேல் ஈரத்தைக் கவனித்தேன். வீட்டின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலையில் சிந்திய பாலாக இருக்கும். விரலால் தொட்டேன்.

சுட்டது.

வெந்நீர்.

இரண்டு நாற்பது. முதலாளியின் குறட்டை ஒருமுறை நின்றது. மறுபடி ஆரம்பித்தது. அந்த இடைவெளியில்தான் கேட்டேன்.

முனகல். பெண் முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு... விட்டு... மறுபடி...

தெருவில் யாரோ என்று காதைத் திருப்பினேன். தெருவில் இல்லை.

மேஜையின் மேல்.

ஓடியிருக்க வேண்டும். கால் வரவில்லை. உங்களுக்குச் சொன்னேனே, குட்டி வீட்டின் வசியம். அது செய்தவனையும் விடாது. நான் குனிந்தேன். மேஜையைச் சுற்றிப் போய், ஒரு கண்ணை மூடி, மற்றதைப் பின்சுவர்ச் சன்னலில் வைத்தேன்.

உள்ளே நான் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தேன்.

வெள்ளை இல்லை. கரி. வருஷக்கணக்கில் அடுப்பெரிந்த சுவர் போல. கயிற்றில் ஒரு புடவை. மூலையில் பானை. தரையில் பாய்...

பாயில் யாரோ... ஒருக்களித்து...

முனகல் நின்றது.

ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லை...

பிறகு அழுகை.

கொசு பாடுவது போல. அவ்வளவு சின்னதாக. ஆனால் கொசு இல்லை. மூச்சு இழுத்து, விக்கி, மறுபடி... பிறந்த குழந்தை.

பாயில் இருந்தவள் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது.

ஒரு கை வந்தது.

டக்.

சன்னல் சாத்திக்கொண்டது.

நான் கதவே வைக்காத சன்னல்.

கடிகாரம் மூன்று அடித்தபோது நான் வராந்தாவில் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. பசு என்னை நக்கியது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

நாலு மணிக்குக் கலெக்டர் வந்தார், அவர் மனைவி துரைசாணி வந்தார், தாசில்தார் வந்தார். என்னையும் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதலாளி ஜரிகை அங்கவஸ்திரத்தில் மின்னினார். கிரகப்பிரவேசம் ஆன கதையைத் தாசில்தார் இங்கிலீஷில் சொன்னார். கலெக்டர் தலையாட்டினார். குனிந்தார். அவருக்கும் பெருமூச்சு வந்தது. துரைகளுக்கும் வரும் போலிருக்கிறது.

துரைசாணி கடைசி வீட்டின் முன்னால் நின்றார். காதைச் சாய்த்தார். தாசில்தாரிடம் ஏதோ கேட்டார். தாசில்தாரின் முகம் மாறியது.

"உள்ள குழந்தை அழற மாதிரி இருக்குன்னு கேக்கறாங்க."

அழுகை எனக்கும் கேட்டது. தாசில்தாருக்கும் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது, அவர் கழுத்து நரம்பைப் பார்த்தேன்.

"பூனைங்க," என்றார். "பங்களா பூனை." உடனே சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகக் கூரையில் கை வைத்தார். "உள்ளாற காத்தோட்டமா இருக்கறத தொரை பாக்கட்டும்."

கூரை மூடி மாதிரி வைத்தது. விரல் நுனியால் தூக்கினால் வந்துவிடும். வரவில்லை. இரண்டு விரலால் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பன்னிரண்டு வீடும் பலகையோடு எழும்பின. கூரை வரவில்லை. காகிதம்தான் அது, கிழியக்கூட இல்லை. அழுகை வீறிட்டது.

துரைசாணி முன்னால் வந்து அவர் கையை விலக்கினார். மெதுவாக ஏதோ சொன்னார். தாசில்தார் அதைத் தமிழில் சொல்லும்போது தரையைப் பார்த்தார்: "தூங்கட்டும், விடுங்கங்கறாங்க."

கலெக்டர் கைகுலுக்கிவிட்டுப் புறப்பட்டார். மிகவும் திருப்தி என்று சொன்னாராம்.

வாசலுக்கு வந்தேன். காவல்காரர் மஹபூப் பாஷா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். கையெல்லாம் காய்ந்த சேறு.

"பாஷா பாய், தேவகிக்குப் பிரசவம் ஆயிடுச்சா? எங்க கீறா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாஸ்டருக்கு தெரியாதா? காலைலயே போய்ட்டா. பட்டம்மா இங்க நின்னுனு இருந்தா பாரு, அப்பவே. நான்தான் கொட்டாய் பூட்டைத் தொறந்து சாவியோட ஓடினேன். போய்ப் பாத்தா உடம்புல மூச்சு இல்ல. மத்தியானம் பன்னெண்டுக்குள்ள எடுத்துட்டாங்க."

"கொழந்தைய யார் வச்சினு கீறாங்க?"

"இன்னா கொழந்தை?"

"பொறந்த கொழந்தை. நான் கேட்டேன். அழுதுச்சு."

பாஷா கையிலிருந்த சேற்றைக் கைலியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புள்ள பொறக்கல மாஸ்டர். வயித்தோடவே வச்சிட்டாங்க. நானும் மண்ணு தள்ளினேன்."



ஜனவரியில் பட்டம் வந்தது. சுண்ணாம்பு தூவிய இடத்தில் ஆவாரம்பட்டை அடுக்க ஒரு ஷெட் வந்தது. பட்டைக்கு மழை ஆகாதாம். வீடு மட்டும் வரவில்லை. பட்டம்மாள் கொஞ்ச நாள் பங்களா படிக்குக் கீழே வந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். காதைச் சாய்த்து நிற்பாள். துரத்தினால் போவாள், மறுநாள் வருவாள். பிறகு அவளும் புளியமரத்தடிக் காய்ச்சலில் போனாள்.

ஒரு வருஷம் கழித்து பாஷாவை ஆம்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன். என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. எங்களுக்குத் தெரியாம வந்து சன்னல் வெட்டிட்டுப் போறீங்களா?"

"எந்தச் சன்னல்?"

"அந்த அட்டை வூட்டுக்கு. கண்ணாடிப் பொட்டில வச்சுப் பூட்டி, சாவி மொதலாளி இடுப்புல கீது. பூட்டு பூட்டினபடி கீது. ஆனா இப்ப அஞ்சு வூட்டுக்கு சன்னல் வந்துருச்சு. அஞ்சும் உள்ள சாத்திக் கீது."

"மரத்தடில எத்தினி பேர் போய்ட்டாங்க பாய்?"

"தேவகியையும் பட்டம்மாவையும் ஒரே வூடா வச்சா, அஞ்சு." ரயில் வரும் பக்கம் பார்த்தார். "நேத்து ஆறாவதா ஒரு வூட்டுச் செவுத்துல நூலளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சுது. குழில வேலை செய்யறவன் ஒருத்தன் காய்ச்சலா கெடக்கறான்."

அட்டையை எரிக்க முடியாது. கலெக்டர் ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்க்க விரும்புகிறார். பங்களாவில் மத்தியானம் யாராலும் கண்ணை மூட முடியவில்லை. அழுகை, அம்மி அரைக்கும் சத்தம், இருமல், சண்டை, சிரிப்பு. ஒரு சேரியே குடியிருக்கும் சத்தம்.

ராவ் சாகிப் முனிரத்தினம் இப்போது பங்களாவை விட்டுவிட்டுப் பேரணாம்பட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். உடைந்த ஓடுகளை மாற்ற வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மழை நாட்களில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்.